தோடு அடகில், டின் தட்டில்
ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்கான சத்து மருந்துகள் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பூண்டுலோயாவில் பஸ்ஸை விட்டிறங்கி, முச்சக்கர வண்டி ஏறக்கூடிய தூரம் வரை அதில் போய், மிச்ச ஏற்றத்தை நடந்து அந்த லயத்தை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஆறு வயதுப் பையன் ஒருவன் தகரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் குடையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மாத்திரம் வந்து குடைக் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"காது நல்லாக் கேக்குது மிஸ். பிஸ்கட் பேப்பர் சத்தம் கேட்டா ஓடி வருவான். பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வர மாட்டேங்கிறான்" என்றார் தாய்.

உள்ளே சுவர்த் தட்டில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், மூன்று டின்களும் இரண்டு போத்தல்களும் வரிசையாக இருந்தன. மீனெண்ணெய்க் குளிசை ஒன்று. பல விற்றமின்கள் சேர்ந்த பாணி ஒன்று. மூளை வளர்ச்சிக்கு என்று எழுதிய மா. குடலுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்த தூள். இன்னொன்றின் மேல் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதே எனக்கு விளங்கவில்லை. ஒரு டின்னின் விலை, அந்தத் தாய் ஒரு கிழமை முழுக்கப் பேர் போட்டாலும் கைக்கு வராத காசு. கல்யாணத்துக்குப் போட்ட தோடு இரண்டும் அடகில் இருக்கின்றன. பையனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன.

இந்தத் தாய் பிறந்தது கிளிநொச்சியில். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் அவருடைய பாட்டன் பாட்டியின் குடும்பமும் ஒன்று. 2009 இல் முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. தகப்பன் வந்து சேரவில்லை. முகாமிலிருந்து விட்ட பிறகு பூண்டுலோயாவிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு வந்து, கொழுந்தெடுக்கப் போய், இங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. யுத்தம் மலையகத்தைத் தொடவில்லை என்று பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட குடும்பங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

தேத்தண்ணி தந்துவிட்டு அவர் முதலில் கேட்ட கேள்வி டின்களைப் பற்றியதல்ல.

"நான் செல்லடிக்குள்ள இருந்து வந்தவ மிஸ். அந்தப் புகை, அந்தப் பயம் எல்லாம் என் ஒடம்புல இருந்து புள்ளைக்குப் போயிருச்சா?"

இதே கேள்வியை நான் வவுனியாவிலும் கேட்டிருக்கிறேன், முல்லைத்தீவிலும் கேட்டிருக்கிறேன். வார்த்தைகள்தான் வேறு. ஆகையினால் டின்களுக்குப் போகுமுன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓட்டிசம் என்பது, நம்மில் சிலர் மதியிறுக்கம் என்று சொல்வது, மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. மற்றவரோடு கண், முகம், பேச்சு வழியாகத் தொடர்புகொள்வதிலே கஷ்டம் இருக்கும். ஒரே செயலை, ஒரே ஒழுங்கைத் திரும்பத் திரும்ப நாடும் போக்கு இருக்கும். சத்தம், வெளிச்சம், தொடுகை, உணவின் பதம் இவற்றையெல்லாம் மற்றப் பிள்ளைகளை விட அதிகமாகவோ குறைவாகவோ உணர்வார்கள். இது தொற்றுவதில்லை. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அப்படியானால் ஒரு பெரிய தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளாவது இருப்பார்கள். பல பேர் ஊமை, குறும்பு, காத்துக் கறுப்பு என்ற பெயர்களுக்குள் மறைந்து போகிறார்கள்.

காரணம்? 2019 இல் டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஒன்றாகப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் இருப்பதும் இன்னொரு பிள்ளைக்கு இல்லாமலிருப்பதுமான வித்தியாசத்தில் ஏறத்தாழ 80 வீதம் பரம்பரையலகுகளால் வருவது என்று கண்டார்கள். பதினான்கு வயதில் பங்கருக்குள் இருந்த பயம், பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளையைப் பேசாமல் பண்ணியது என்று சொல்ல எந்த ஆய்விலும் இடமில்லை. இதை அந்தத் தாயிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது, "மாமியார் இருக்கும்போது இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்" என்றார்.

தாய்மாரின் மேல் பழி போடுவது பூண்டுலோயாவில் தொடங்கியதல்ல. 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதித்தான் ஓட்டிசம் என்பது முதன்முதலில் தனி நிலையாக விபரிக்கப்பட்டது. அதன் பின் ஏறக்குறைய இருபது வருடம், தாயின் பாசம் குறைந்ததால்தான் பிள்ளை இப்படியானது என்று படித்தவர்களே எழுதினார்கள், பேசினார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் புரூனோ பெட்டல்ஹைம். அவர் தாமே நாசி முகாம்களில் அடைபட்டிருந்தவர். முகாமில் மனிதர்கள் தமக்குள் ஒடுங்கிப் போனதைப் போலத்தான் இந்தப் பிள்ளைகளும் ஒடுங்கிப் போகிறார்கள் என்று எழுதினார். அப்படியானால் முகாம் காவலாளி யார்? தாய்! முகாம் அனுபவம் உள்ள நம்முடைய வாசகிகளுக்கு இதன் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்து எழுந்தவர் ஒரு தகப்பன். பேர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை செய்த உளவியலாளர். அவருடைய மகனுக்கு ஓட்டிசம் இருந்தது. தம் மனைவியின் பாசத்தைக் கண்ணால் கண்டவர் அவர். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, இது பாசக் குறைவல்ல, உடலில், மூளையில் உள்ள விடயம் என்று 1964 இல் ஒரு நூல் எழுதினார். அதோடு தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மெல்ல மெல்ல நின்றது.

அவரிடமிருந்துதான் டின்களின் கதையும் தொடங்குகிறது. நூலை வாசித்த பெற்றோர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். சிலர், விற்றமின் கொடுத்தோம், பிள்ளையிடம் மாற்றம் கண்டோம் என்றார்கள். ரிம்லண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். விற்றமின் பி6 பற்றி 16 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வை 1978 இல் வெளியிட்டார். பின்னர் மக்னீசியத்தையும் சேர்த்துப் பலர் ஆராய்ந்தார்கள். ஆனால் பல வருடம் கழித்து இந்த ஆய்வுகளைச் சல்லடை போட்டுப் பார்த்தவர்கள், நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டவை மூன்றே மூன்று, அவற்றில் பங்குபற்றியவர்கள் எல்லாருமாக 33 பேர், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மீனெண்ணெய்க்கும் இதே கதைதான். 2011 இல் செய்த மீளாய்வில் தேறியவை இரண்டு ஆய்வுகள், 37 பிள்ளைகள். பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

ரிம்லண்ட் பொய்யரல்லர். பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்த தகப்பன். அந்தத் துடிப்புக்குத்தான் இன்று விலை போட்டு விற்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் ஊசியும் வேலை செய்தது

"ஆனா மிஸ், இந்த மாவு குடுத்த பொறகு கொஞ்சம் நல்லா இருந்தான்" என்றார் தாய். நான் மறுக்கவில்லை. அவர் கண்ணால் கண்டது. ஆனால் அது மாவினாலா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப் பரிசோதனைக்காக செக்ரெட்டின் என்ற குடற் சுரப்பை ஊசியாகப் போட்டார்கள். பிறகு மூவரும் கண்ணைப் பார்த்தார்கள், பேசத் தொடங்கினார்கள் என்று 1998 இல் செய்தி வந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் அந்த ஊசியைத் தேடி ஓடினார்கள். மறு வருடம் 60 பிள்ளைகளை வைத்து முறையான ஆய்வு நடந்தது. அரைவாசிப் பேருக்கு உண்மை ஊசி, அரைவாசிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு கிழமை கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் போட்ட பிள்ளைகளும்தான்.

எப்படி? பிள்ளைகள் எப்படியும் வளர்கிறார்கள். ஒரு மாதத்தில் கொஞ்சமாவது கற்றுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மிக மோசமான ஒரு கட்டத்தில்தான் நாம் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம், அதன் பின் நிலைமை தானாகவே கொஞ்சம் தணியும். அதைவிட முக்கியமாக, நம்பிக்கை வந்ததும் நாம் பிள்ளையைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. அருகில் இருக்கிறோம், கவனிக்கிறோம், முன்பும் செய்துகொண்டிருந்த சின்னச் செயலை இன்றுதான் கண்டுபிடிக்கிறோம். அந்தக் கவனிப்பு பிள்ளைக்கும் எட்டுகிறது.

அந்த ஆய்வில் என் மனதை விட்டுப் போகாத ஒரு விடயம் உண்டு. ஊசிக்குப் பலனில்லை என்ற முடிவைச் சொன்ன பிறகும், பெற்றோரில் 69 வீதமானவர்கள் தங்கள் பிள்ளைக்கு அந்த ஊசி வேண்டும் என்றே சொன்னார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எதையும் யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

இந்தக் கதையைத் தாய் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன உறவுக்காரர்கள் மதுரைப் பக்கம் இருக்கிறார்கள். அத்தை முறையான ஒருவர் அனுப்பியது. மதுரையிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம்!

அது உண்மையாக நடந்த ஆய்வுதான். மதுரையைச் சேர்ந்த சிறுவர் நரம்பியல் மருத்துவர் கடல்ராஜா ராகவனும் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2022 இல் வெளியிட்டார்கள். ஒரு வகைக் கறுப்பு நொதியத்திலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் என்ற பொருளை 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் நித்திரை சீரானது, நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பு கூடியது, நடத்தையிலும் முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட செய்தியைக் கையில் எடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனை பிள்ளைகள்? 18. கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைகள்? கொடுத்தவர்களை விடக் குறைவு. உப்புத் தண்ணீர் ஊசி போல, பொய்த் தூள் கொடுத்துப் பார்த்தார்களா? இல்லை. எந்தப் பிள்ளைக்குத் தூள் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லாபம் யாருக்கு? ஆய்வாளர்களில் ஒருவர் அந்தப் பொருளோடு தொடர்புள்ள நிறுவனத்தில் பங்குடையவர். அதை மறைக்காமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இது ஆரம்ப ஆய்வு என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆரம்ப ஆய்வு என்றால், பெரிதாகச் செய்து பார்க்கலாமா என்று தெரிந்துகொள்வதற்கான ஆய்வு. தோட்டை அடகு வைப்பதற்கான ஆய்வல்ல.

சோமாலியத் தாய்மார்

நம்மைப் போல யுத்தத்தில் அடிபட்ட இன்னொரு பெண்கள் கூட்டத்தின் கதையும் இந்த ஆய்வுகளுக்குள் இருக்கிறது. சோமாலியாவிலிருந்து அகதிகளாகச் சுவீடனுக்குப் போன பெண்கள், தங்கள் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு ஏன் ஓட்டிசம் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊரில் இதற்குப் பெயரே இல்லை, ஆகவே இது சுவீடன் நோய் என்றார்கள். அதன் பிறகுதான் ஸ்ரொக்ஹோமில் கணக்கெடுத்தார்கள். 2008 இல் வந்த முடிவு, அவர்களின் பிள்ளைகளில் ஓட்டிசம் மற்றவர்களை விட மூன்று நான்கு மடங்கு அதிகமாகப் பதிவாகியிருந்தது. வெயில் குறைந்த நாட்டில் கறுத்த தோலுக்கு விற்றமின் டி போதாமற் போவதுதான் காரணமோ என்ற சந்தேகம் எழுந்தது. தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சோமாலியப் பெண்களுக்கு விற்றமின் டி உண்மையிலேயே மிகக் குறைவு. ஆனால் ஓட்டிசப் பிள்ளை உள்ள தாய்க்கும் இல்லாத தாய்க்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு விற்றமின் டி கொடுத்தால்? 2016 இல் எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் என்றது. உலகமெங்கும் அதைக் காட்டிக் காட்டி விற்றார்கள். 2019 இல் அந்த ஆய்வை வெளியிட்ட சஞ்சிகையே அதை மீளப்பெற்றுக்கொண்டது. மீளப்பெற்ற செய்தி விற்பனையாளர்களின் துண்டுப் பிரசுரங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும். 2017 இல் அயர்லாந்தில் செய்த ஆய்வில் ஓட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில் மாற்றமில்லை.

2025 செப்டெம்பரில் அமெரிக்க அரசு அறிவித்த லூக்கோவோரின் பற்றியும் கேட்கிறார்கள். அது வைத்தியர் எழுதித் தர வேண்டிய மருந்து. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் போலிக் அமிலக் குளிசையும் அதுவும் ஒன்றல்ல. அதற்கு முக்கியமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் ஒன்று 48 பிள்ளைகளை வைத்துச் செய்தது. டின்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வந்தால் கதவைச் சாத்துங்கள்.

ரொட்டியும் சாயத் தண்ணியும்

"கோதுமையும் பாலும் நிப்பாட்டச் சொன்னாங்க" என்றார் மாமியார், பிள்ளையை உள்ளே அழைத்து வந்தபடி. "அப்ப என்னாத்தக் குடுக்கிறது?"

நியாயமான கேள்வி. லயத்தில் காலைக்கும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. இந்தப் பையன் சாப்பிடுவதும் மூன்றே மூன்று பொருள்: ரொட்டி, மாரி பிஸ்கட், சீனி போட்ட சாயத் தண்ணி. கோதுமை, பாற்பொருள் இரண்டையும் நிறுத்தும் முறையை 2016 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் நுட்பமாகச் சோதித்தார்கள். 14 பிள்ளைகளை அந்தப் பத்தியத்தில் வைத்து, இடையிடையே கோதுமையோ பாலோ கலந்த சிற்றுண்டியையும் கலக்காத சிற்றுண்டியையும் எது எதுவென்று தெரியாதபடி கொடுத்தார்கள். நித்திரையிலும் நடத்தையிலும் மலம் போவதிலும் வித்தியாசம் இல்லை. கோதுமை உண்மையில் ஒத்துக்கொள்ளாத நோய் சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை வைத்தியர் சோதித்துச் சொல்ல வேண்டும். மூன்று பொருள் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் மிச்சம் பிஸ்கட்டும் சாயமும்தான்.

இதனால் உணவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தோட்டங்களில் உணவுப் பிரச்சினை உண்மையான பிரச்சினை. 2016 தேசியக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். ஓட்டிசமுள்ள பிள்ளை உணவில் மிகவும் தெரிந்தெடுப்பான். பழம் மரக்கறி தொடாமலே வளர்ந்து, விற்றமின் சி இன்றி முரசு வீங்கி இரத்தம் கசிந்து, நடக்க முடியாமற் போன பிள்ளைகளைப் பற்றி வைத்தியச் சஞ்சிகைகளில் பல பதிவுகள் இருக்கின்றன. குறை உள்ள இடத்தில் அந்தக் குறையை நிரப்புவது வைத்தியம். குறை உண்டா என்று பார்க்காமல் டின் டின்னாகக் கொடுப்பது வியாபாரம்.

இந்தப் பையன் இரவில் நித்திரையில்லாமல் உருண்டு புரளுகிறான், கால்களை உதைக்கிறான் என்று தாய் சொன்னபோது எனக்குச் சாயத் தண்ணியின் மேல்தான் சந்தேகம் வந்தது. ரொறன்ரோவில் ஓட்டிசமுள்ள 33 பிள்ளைகளுக்கு எட்டுக் கிழமை இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007 இல் வெளியானது. தொடக்கத்தில் அவர்களில் 77 வீதமானவர்களுக்கு அமைதியற்ற நித்திரை. இரும்புச்சத்து கொடுத்ததும் அது குறைந்தது. இதுவும் சின்ன ஆய்வு, இதிலும் பொய் மருந்து இல்லை. மதுரைக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவை இரத்தத்தில் அளந்து பார்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியர் எழுதித் தந்தால் பார்க்கலாம். குறைவென்று கண்டால் ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரப்பத்தான் வேண்டும். அந்த மருந்தும் மலிவு.

தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் முழுக்க நாம் பறித்துக் கொடுக்கும் கொழுந்து, நம் பிள்ளையின் ரொட்டியிலுள்ள சத்தையும் பறித்துக்கொண்டு போகிறது என்று சொன்னேன். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டோடு சாயம் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். சிறு பிள்ளைக்குச் சாயமே இல்லாமல் விட்டால் இன்னும் நல்லது. பருப்பு, கௌபி, நெத்தலி, முட்டை, கீரை இவற்றில் இரும்பு இருக்கிறது. பக்கத்தில் கொய்யாவோ, தேசிக்காய்ப் புளியோ இருந்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும்.

பிள்ளை தொட வேண்டுமே என்பீர்கள். ரொட்டி மாவுக்குள் மறைத்துக் கலக்கலாமா என்று தாய் கேட்டார். இந்தப் பிள்ளைகளின் நாக்கு பொல்லாத நாக்கு. பிடிபட்டால் ரொட்டியையும் சேர்த்து விட்டுவிடுவான். அதைவிட, ரொட்டித் தட்டில் ஓரமாக ஒரு துண்டு முட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லது. சாப்பிடச் சொல்ல வேண்டாம். முதலில் அது தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வான். பிறகு தொடுவான், மணப்பான், நக்குவான், துப்புவான். இதற்கு நாட்களல்ல, கிழமைகள் எடுக்கும். மடுவத்து ஆயம்மாவுக்கும் சொல்லி வைத்தால் தம்பி தங்கைக்கும் இந்தக் கரைச்சல் வராது.

தட்டிலிருந்த ஐந்தையும் ஒரு பைக்குள் போட்டு, கிளினிக் போகும்போது வைத்தியரிடம் அப்படியே காட்டச் சொன்னேன். இரண்டு டின்களில் ஒரே விற்றமின் இருந்தால் அளவு மிஞ்சும். ஏ, டி ஆகிய விற்றமின்கள் மிஞ்சினால் உடம்பில் தேங்கி நஞ்சாகும். பி6 அளவுக்கு மிஞ்சினால் நரம்பு கெடும். இரும்புச்சத்துப் பாணியை இனிப்பென்று ஒரு பிள்ளை எடுத்து முழுப் போத்தலையும் குடித்தால் உயிருக்கே ஆபத்து, அதை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். உடம்பிலிருந்து பாதரசத்தையும் ஈயத்தையும் கழுவி எடுக்கிறோம் என்று ஊசி ஏற்றும் முறை ஒன்றும் உண்டு. 2005 இல் அமெரிக்காவில் ஓட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊசியால் இறந்தான். அது வேண்டவே வேண்டாம்.

தகரத்துத் தண்ணீர்

அப்படியானால் எதுதான் உதவும்? 2016 இல் வெளியான ஓர் ஆய்வு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. 65 பிள்ளைகள். வீட்டுக்கு வந்தவர்கள் வைத்தியர்களல்லர், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரத் தொண்டர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் பார்த்து, பிள்ளை எந்த இடத்தில் உங்களை அழைத்தான், நீங்கள் எங்கே தவறவிட்டீர்கள் என்று பேசினார்கள். ஆறு மாதத்தில் 12 தடவை. தாயின் பதில் பிள்ளையின் போக்கோடு பொருந்தத் தொடங்கியது. பிள்ளைகள் தாமாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இலங்கையிலும் ஹேமமாலி பெரேராவின் குழுவினர் தாய்மாரே வீட்டில் செய்யும் பயிற்சியைப் பரிசோதித்து அதே வருடம் முடிவை வெளியிட்டார்கள். சில மாதங்களில் முன்னேற்றம் தெரிந்தது. வாசிக்கத் தெரியாத தாயும் விளங்கிக்கொள்ளும்படி, படங்களைக் காட்டி ஓட்டிசத்தை அறியும் முறையையும் அவர்களே உருவாக்கி 2017 இல் வெளியிட்டார்கள். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே ஆஸ்பத்திரி, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் ஆஸ்பத்திரி, ராகமையிலுள்ள அயதி நிலையம் என்பன தெரிந்து வைத்திருக்க வேண்டிய இடங்கள். முதலில் உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றரை வயதில் பெயருக்குத் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளைக்கு "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்ற ஆறுதல் போதாது.

இந்தத் தாய்க்கு ஓர் ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சித் தாள் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சிங்களத்தில். அது டின்களுக்குக் கீழே மடித்துக் கிடந்தது. மருந்தைக் கொடுக்க மொழி தேவையில்லை, ஆகவே மருந்து ஜெயித்தது. எடுத்து வாசித்தோம். பிள்ளை பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அவன் உயரத்துக்குக் குனியுங்கள், ஒரு சொல் சொல்லுங்கள், காத்திருங்கள் என்றுதான் அதில் எழுதியிருந்தது.

வெளியே மழை பலத்தது. பையன் மறுபடி தகரத்தடிக்குப் போனான். தாயும் போய் அவனருகில் குந்தி, அவனைப் போலவே விரலை நீட்டினார். "தண்ணி" என்றார். அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சென்று அவர் தன் கையை எடுத்தார். அவன் அந்தக் கையைப் பிடித்துத் திரும்பவும் தண்ணீருக்குள் வைத்தான்.

"இதெல்லாம் எப்பவும் செய்வான் மிஸ். வெளையாட்டுன்னு விட்டுட்டேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினேன். நுவரெலியாவில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து குறைவு என்று சொல்லி, பாணி மருந்து கொடுத்திருக்கிறார்கள். நித்திரை பரவாயில்லையாம். பேச்சு இன்னும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது கையைப் பிடித்து வாளியடிக்கு இழுத்துக்கொண்டு போகிறான். முன்பு நிலத்தில் விழுந்து கத்துவான். டின்களில் நான்கை நிறுத்திவிட்டார். தோட்டை மீட்க இன்னும் மூன்று தவணை இருக்கிறது. மாமியார் ஐந்தாவது டின்னை மாத்திரம் விடவில்லையாம். அதைத் தானே கரைத்துக் குடிக்கிறாராம், முழங்கால் வலிக்கு நல்லதாம்.